மாதா காலடியில் பன்னிரண்டு வார்த்தைகள்

ஐடியா வந்தது டீக்கடையில். வடையிலிருந்து எண்ணெயைப் பிழிந்துகொண்டிருந்தபோது.

மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற கடை. சனிக்கிழமை மதியம். இரண்டு மெதுவடை வாங்கி, கடைக்காரர் மடித்துக் கொடுத்த காகிதத்தாலேயே அழுத்தினேன். எண்ணெய் ஊற ஊற, காகிதத்தின் உள்பக்கம் தெளிந்து வந்தது. ஓர் அம்மாவின் முகம். கீழே ஆதார் எண். அதற்கும் கீழே பிறந்த தேதி, கதவு எண், தெருப் பெயர்… எல்லாமே. ஏதோ ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுத்தபோது கோணலாக விழுந்த பிரதி. பழைய பேப்பரோடு எடைக்குப் போய், கடைசியில் வடைக்கு வந்துவிட்டது.

சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது. ரெஜினா அக்கா.

"ஏண்டி, வாலட் அட்ரஸ் கேக்குறாங்க. வாலட்டுன்னா என்னா, பர்ஸா?"

"யாரு கேக்குறாங்க?"

"அந்தப் போட்டிக்காரங்க. எனக்கு செகண்ட் பிரைஸ் வந்துருக்குது."

இதை இரண்டாவதாகச் சொன்னாள். அக்கா அப்படித்தான். நல்ல செய்தியை எப்போதும் பின்சீட்டில் உட்கார வைப்பாள்.

அக்கா புதுச்சேரியில் ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறாள். காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால், வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய லேப்டாப்பில் முப்பரிமாண உருவங்கள் செய்வாள். எங்கள் ஊர் உப்பளத்தை அப்படியே செய்து — பாத்தியில் நிற்கிற தண்ணீரில் மேகம் தெரிவது வரைக்கும் — ஆன்லைனில் ஒரு வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பியிருந்தாள். அந்த ஒரு படத்தை லேப்டாப் முழுசாக உருவாக்கி முடிக்க நாலு ஞாயிறு ஆனது. நடுவில் இரண்டு முறை அது மயங்கி விழுந்தது. லேப்டாப்பைச் சொல்கிறேன்.

பரிசு வந்தால் நல்ல கம்ப்யூட்டர். நல்ல கம்ப்யூட்டர் வந்தால் வீட்டிலிருந்தே வேலை. வீட்டிலிருந்தே வேலை என்றால் ஆறே முக்கால் பஸ் கிடையாது. அக்காவின் கணக்கு அவ்வளவுதான். ஆனால் பரிசை பேங்குக்கு அனுப்ப மாட்டார்களாம். கிரிப்டோவாகத்தான். டாலர் மதிப்பிலேயே நிற்கிற வகை.

"பிரஸ் பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர் இருக்குது. அந்தண்ணன் எல்லாம் நானே போட்டுத் தர்றேன், போனை மட்டும் குடுத்துட்டுப் போன்னு சொல்றாரு…"

கையில் இருந்த ஆதார் அம்மாவைப் பார்த்தேன். எண்ணெயில் மின்னினார்.

"அக்கா, யாருகிட்டயும் போவாத. நான் பண்றேன்."

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். புதிதாக ஒன்றைக் கேள்விப்பட்டால் அன்றைக்கே செய்து பார்த்தாக வேண்டும். மாடியில் காளான் வளர்த்த கதையைச் சிலர் இன்னும் மறக்கவில்லை என்று கடிதங்களில் தெரிகிறது. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. நம்புங்கள். அன்று சாயங்காலமே முதலில் எனக்கென்று ஒரு வாலட் — கிரிப்டோ பணம் வைக்கிற ஆப் — திறந்து, ஒரு சினிமா டிக்கெட் விலைக்குக் கொஞ்சம் காயினும் வாங்கிப் பழகிக்கொண்டேன்; அது வாலட்டுக்கு வந்து சேர ஒரு நாள் ஆனது. தொலைந்தால் ஒரு படம் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். வரி கட்ட வேண்டுமா என்று ஓர் ஆடிட்டரிடமும் கேட்டாயிற்று. கட்ட வேண்டும். கட்டுவோம்.

மறுநாள் ஞாயிறு. அக்காவுக்கு லீவு. பூசை முடிந்து வந்து உட்கார்ந்தோம்.

டிராயரில் கிடந்த பழைய போனை எடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக்கினேன். சிம் கிடையாது. வாட்ஸ்அப் கிடையாது. அந்தப் போனுக்கு இனிமேல் ஒரே வேலை. வாலட் ஆப்பைத் தேடினால் முதலில் வந்து நிற்பது விளம்பரம் — அதே நிறம், அதே சின்னம், பெயரில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். அது போலி. எத்தனை பேர் அதைத் தொட்டிருப்பார்களோ? அசல் ஆப்பைத் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்துக்கே போய், அங்கே இருந்த இணைப்பு வழியாக மட்டும் இறக்கினேன்.

ஒரு சந்தேகம் வந்தது. ஆன்லைன் குழு ஒன்றில் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் மூன்று பேர் தனியாக வந்து, தாங்கள் உதவி மையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார்கள். மூன்று பேருக்கும் ஒரே அக்கறை: உங்கள் பன்னிரண்டு வார்த்தைகளை அனுப்புங்கள், சரிபார்க்கிறோம். ஒருவர் என்னை 'டியர் சிஸ்டர்' என்றார். நாத்தனார் கூட என்னை இவ்வளவு அன்பாகக் கூப்பிட மாட்டாள் — எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

அது என்ன பன்னிரண்டு வார்த்தை?

வாலட் திறந்ததும் திரையில் வரும். சாதாரண ஆங்கில வார்த்தைகள்தான். ஏணி, வெங்காயம் மாதிரி. ஆனால் அதுதான் சாவி. போன் கடலில் விழுந்தாலும், வேறு போனில் அந்தப் பன்னிரண்டையும் வரிசை மாறாமல் அடித்தால் பணம் வந்து நிற்கும். யார் அடித்தாலும் வந்து நிற்கும் — சிக்கலே அங்கேதான். 'பாஸ்வேர்டை மறந்துவிட்டீர்களா' என்று கேட்க யாரும் இல்லை. கிளை மேலாளர் இல்லை. புகார் புத்தகம் இல்லை.

அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கக் கூடாது. மெயிலில் போடக் கூடாது. பேனாவால் காகிதத்தில் எழுத வேண்டும். அக்கா ஒவ்வொன்றாக மெல்ல வாசித்தாள். நான் அழகாக, பெரிய எழுத்தில், நம்பர் போட்டு எழுதினேன். சரிபார்த்தோம். எட்டாக மடித்தோம்.

எங்கே வைப்பது?

எங்கள் வீட்டில் பீரோ உண்டு. அதன் சாவி அதிலேயே தொங்கும். நிஜமான லாக்கர் கூடத்தில் இருக்கிற மாதா சுரூபம்தான். ஹால் டிக்கெட், ஸ்கேன் ரிப்போர்ட், பாஸ்போர்ட் விண்ணப்பம் — எது நல்லபடியாக முடிய வேண்டுமோ, அது மாதா காலடியில் சில நாள் இருந்துவிட்டுத்தான் வெளியே போகும். நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினோம். சுரூபத்தை லேசாகத் தூக்கிக் காகிதத்தை அடியில் வைத்தேன்.

அக்கா வாலட் முகவரியைப் போட்டிக்காரர்களுக்கு அனுப்பினாள். புதன்கிழமை பரிசு வந்து சேர்ந்தது. அக்கா அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த நடையைப் பார்த்தேன். யாரோ பின்னால் பாட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஒரே ஒரு காகிதம் போதாது, இன்னொரு பிரதி வேண்டும் என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. சுரூபத்தைத் தூக்கினேன்.

அடியில் சுத்தமாகத் துடைத்திருந்தது.

"அம்மா… மாதா கீழ ஒரு பேப்பர் இருந்துதே?"

அம்மா பின்பக்கம் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். "அதுவா? காலையில கோயிலுக்குப் போனேனே, பொட்டியில போட்டுட்டேன்."

"எந்தப் பொட்டியில?"

"வேண்டுதல் பொட்டியிலதான். வேற எந்தப் பொட்டியில போடுவாங்க?"

இங்கே ஒரு சின்ன விளக்கம். நான் மூன்று வருஷம் சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன். அந்த நாட்களில் எங்கள் பங்குக் கோயிலில் இந்தப் பழக்கம் வந்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் நவநாள் ஜெபம். அதற்கு முன்னால் அவரவர் வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஜெபத்தின்போது ஸ்டெல்லா டீச்சர் அதை மைக்கில் வாசிப்பார். ஊரே அதற்காக மன்றாடும். வீட்டில் யாருக்காவது வேண்டுதல் இருந்தால் எழுதி மாதா காலடியில் வைத்துவிடுவார்களாம். அக்கா வேலைக்குப் போன பிறகு, சனிக்கிழமை காலையில் அம்மா கொண்டுபோய்ச் சேர்ப்பாளாம்; அக்காவுக்கே தெரியாது. கூரியர் சர்வீஸ்.

"நீ படிச்சியாம்மா அத?"

அம்மா நண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அடுத்தவங்க வேண்டுதல எவளாவது பிரிச்சுப் படிப்பாளா? அது மடிச்சு வச்சது. உங்கக்கா கல்யாணத்துக்குத்தான் நீ வேண்டிக்கிட்டியாக்கும்னு நெனச்சேன். சந்தோசமாத்தான் போட்டேன்."

எவ்வளவு பாதுகாப்பு பார்த்தேன். போலி ஆப், போலி அக்கறை, சிம் இல்லாத போன்… அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிற திருடனுக்கு எல்லாக் கதவையும் மூடினேன். சாயங்காலம் ஸ்டெல்லா டீச்சர் மைக்கில் வாசிக்கப் போகிறார். நாலு ஒலிபெருக்கி. மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்கும்.

அக்காவுக்கு போன் போட்டேன். பிரஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவே முழுசாகக் கேட்டாள். திட்டவில்லை.

"பொட்டிய எப்போ தொறப்பாங்க?"

"அஞ்சு மணிக்கு."

"பணம் இப்ப போன்ல இருக்குதா?"

"இருக்குது. ஒண்ணும் ஆவல."

"நான் பர்மிஷன் போட்டு ரெண்டரைக்குள்ள வந்துடுறேன். அதுவரைக்கும் எதையும் நோண்டாத."

எதையும் நோண்டாமல் நாலு மணி நேரம் உட்காருவதா? நானா? ஸ்கூட்டியை எடுத்தேன்.

பெட்டி கோயில் வாசலிலேயே இருந்தது. தேக்குப் பெட்டி, மேலே ஒரு கீறல், முன்னால் இரண்டு பூட்டு. கீறல் வழியாகப் பார்த்தேன். இருட்டு. குச்சி விட்டு எடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கோயில் வாசலில், பட்டப்பகலில், வேண்டுதல் பெட்டிக்குள் குச்சி விடுகிற பெண்ணை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று யோசித்து, சாவி வைத்திருக்கிறவரைத் தேடிப் போனேன்.

சாவி உபதேசியார் சவரிமுத்துவிடம். பூசைக்கு வேண்டியதைக் கவனிப்பது, ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் எடுப்பது — கோயிலில் அவர் வேலை அது. மற்ற நேரத்தில் குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்திகளில் நிற்பார். கைலியை மடித்துக் கட்டி, வாரிக் குவித்த உப்பின்மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார். வெயில் கீழேயிருந்தும் அடித்தது.

"என்னா பாப்பா, இந்த வெயில்ல? போட்டோ புடிக்க வந்தியா?"

"இல்லைங்க. வேண்டுதல் பொட்டி சாவி வேணும். எங்க சீட்டு ஒண்ணு தப்பா அதுக்குள்ள போயிடுச்சு. அம்மா தெரியாம போட்டுட்டாங்க."

"அந்த முனைய இழு."

இழுத்தேன். தார்ப்பாய் கனத்தது. அவர் ஒரு கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"தப்பாப் போன சீட்டுன்னு ஒண்ணு கெடையாது பாப்பா. போட்டா போட்டதுதான்."

"அதுல வேண்டுதலே இல்லைங்க. அது… ஒரு மாதிரி பாஸ்வேர்டு. அக்கா பணத்தோடது."

"இருக்கட்டுமே. இப்ப உனக்குன்னு பொட்டியத் தொறந்து தேடுனா, உன் சீட்டு எதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பத்துச் சீட்டப் பிரிக்கணும். நாளைக்கே ஒருத்தன் வருவான், என் பொண்டாட்டி என்னைப் பத்தி என்னா எழுதிருக்கான்னு பாக்கணும் உபதேசியாரேன்னு. தொறந்து உடுவனா?"

"நான் அவசரம்னுதான்…"

"அவசரம்னு சொல்லாம எவனும் வர்றதில்ல." சிரித்தார். "அப்பிடியே தொறக்கணும்னாலும் என் சாவி ஒண்ணு பத்தாது. இன்னொண்ணு பங்குச் சாமியார்கிட்ட இருக்குது. அவரு இன்னிக்குக் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் பூசைக்குப் போயிருக்காரு. நாலே முக்காலுக்குத்தான் வருவாரு. ரெண்டு பேரும் நின்னு, ரெண்டு சாவியும் போட்டாத்தான் தொறக்கும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால், இரண்டு பேரின் சாவி சேர்ந்தால்தான் திறக்கும் வாலட் உண்டு என்று போன ஞாயிறுதான் ஆங்கிலத்தில் நாலு பக்கம் படித்திருந்தேன். பெரிய கம்பெனிகள் வைத்திருக்குமாம். எங்கள் ஊர் தேக்குப் பெட்டியில் அது ஏற்கனவே பூட்டிக் கிடக்கிறது.

"டீச்சர் வாசிக்கும்போது அந்தச் சீட்ட மட்டும் உட்டுடச் சொல்லுவீங்களா?"

"டீச்சர்கிட்டயா? ஏம்மா, எனக்கு இருக்கிறதே ஒரு உசுரு."

இரண்டரைக்கு அக்கா வந்தாள். முகம் கழுவினாள். சோறு சாப்பிட்டாள் — நண்டுக் குழம்பு, இரண்டு தடவை போட்டுக்கொண்டு. நான் எதிரே உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"உபதேசியார் குடுக்க மாட்டேன்னுட்டாரு. அஞ்சு மணிக்குக் கோயில்ல நின்னு, டீச்சர் கையிலேர்ந்து எப்படியாச்சும்…"

"வாங்கி என்னா பண்ணுவ?"

"என்னா பண்ணுவேனா? பத்திரமா வைப்பேன்."

"காலையிலேர்ந்து அது வெளிய இருக்குது. யாரும் பாக்கலன்னே வச்சுக்க. உனக்கு நிச்சயமாத் தெரியுமா? எனக்குத் தெரியுமா?" அக்கா கையை நக்கினாள். "அந்தச் சாவிய உட்டுடுடி. பூட்ட மாத்திக்கலாம்."

ஒரு வாரமாக நான் படித்த எல்லாக் கட்டுரைகளிலும் இது இருந்தது. பன்னிரண்டு வார்த்தை வெளியே போனால், காகிதத்தைத் துரத்தாதே. புதிய வாலட் திறந்து பணத்தை மாற்று. தலைக்குள் இருந்தது. ஆனால் காலையில் என் கால்தான் முதலில் ஓடியது.

"சரி, போனை எடு. புது வாலட் திறக்குறேன்," என்றேன்.

அக்கா போனைக் கொடுக்கவில்லை.

"அந்த வார்த்தை எத்தினி பேருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அம்மா பிரிச்சே பாக்கல."

"எழுதுனது யாரு?"

பன்னிரண்டையும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

எனக்கு இன்னும் ஒன்பது வார்த்தை ஞாபகம் இருந்தது. வரிசையோடு.

"உன்னைத் திருடின்னு சொல்லலடி," என்றாள் அக்கா. "நீ எதையாவது எழுதிடுவ. பத்தியில எழுதிடுவ. தூக்கத்துல சொல்லிடுவ. நீ நல்லவ, ஆனா உன் வாயில ஒரு பூட்டும் இல்ல. போ, வெளிய போய் உக்காரு."

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள்.

வாசல்படியில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது, கொஞ்சம். அக்காவின் பணத்துக்குப் பாதுகாப்பு போடக் கிளம்பினவள் நான். அந்தப் பாதுகாப்பில் முதல் ஓட்டையும் நான். அம்மாவோ மடித்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்திருக்கிறாள், ஓர் ஓரத்தைக்கூடத் தூக்கிப் பார்க்காமல். மகள் கல்யாணம் பற்றி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே. நானாக இருந்தால் தெருமுனை தாண்டியிருக்க மாட்டேன்.

பதினைந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. புது வாலட். புதுப் பன்னிரண்டு. காகிதம் எங்கே? கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அக்காவின் முகத்தில் எழுதியிருந்தது.

மணி மூன்றே முக்கால். இப்போது பழைய வாலட்டிலிருந்து புதியதற்குப் பணத்தை நகர்த்த வேண்டும். அக்கா அனுப்பும் பட்டனை அழுத்தினாள். நகரவில்லை. சிவப்பில் ஒரு வரி.

இது யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். பணத்தை நகர்த்த, அதைக் கொண்டுபோகிற நெட்வொர்க்குக்குக் கூலி உண்டு. அந்தக் கூலியை அதன் சொந்தக் காயினில்தான் கொடுக்க வேண்டும். அக்காவிடம் டாலர் வகையில் பரிசு முழுசாக இருக்கிறது. கூலிக்கு ஒரு சல்லி இல்லை. லாரி நிறைய உப்பு, டீசல் இல்லை — அந்த நிலை. இப்போது புதிதாக வாங்கலாம். ஆனால் நான் காயின் வாங்கிய இடத்தில், பணம் கட்டினால் வெளியே எடுக்க ஒரு நாள் காத்திருக்கச் சொல்வார்கள்.

அப்போதுதான் என் சினிமா டிக்கெட் ஞாபகம் வந்தது.

என் வாலட்டில் இருந்த காயின் அதே நெட்வொர்க். அதிலிருந்து ஒரு பங்கை அக்காவின் பழைய வாலட்டுக்கு அனுப்பினேன். அரை நிமிடம். வந்துவிட்டது. அடுத்து அக்கா முழுத்தொகையையும் அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. முதலில் பத்து டாலர் மட்டும். புது முகவரியின் முதல் ஆறு எழுத்து, கடைசி ஆறு எழுத்து — இரண்டையும் விரல் வைத்துச் சரிபார்த்தாள். அனுப்பினாள். வந்து சேர்ந்ததா என்று பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து மீதியை அனுப்பினாள். மணி நாலு பத்து. பழைய வாலட் காலி.

"கெளம்பு, கோயிலுக்கு நேரமாச்சு," என்றாள், பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி.

நவநாளுக்கு நல்ல கூட்டம். சாமியாரும் உபதேசியாரும் ஆளுக்கொரு சாவி போட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். உபதேசியார் என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி. ஸ்டெல்லா டீச்சர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தார். மகனுக்கு வெளிநாட்டு வேலை. முழங்கால் வலி. வாய்தா தள்ளிப்போகிற நிலத் தகராறு. பிறகு ஒரு காகிதம், எட்டாக மடித்தது. என் பெரிய, அழகான எழுத்து.

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"லேடர்… ஆனியன்… ஆர்ஃபன்…" நிறுத்தினார். ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்தது. மீதியை மனதுக்குள் வாசித்தார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தினவர், தடுமாறவில்லை.

"ஒருவர் தன் மன்றாட்டைப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளில் எழுதியிருக்கிறார். நமக்குப் புரியவில்லை. தாய்க்குப் புரியும். அவருக்காகவும் மன்றாடுவோம்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது கோயில் முழுக்க. நானும் சொன்னேன். அக்கா குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும்.

பக்கத்தில் இருந்த அம்மாள் எங்கள் அம்மாவிடம் சாய்ந்து சொன்னார்: "பாவம், அப்பா அம்மா இல்லாத புள்ளையாட்டம் இருக்குது. வெங்காய யாவாரத்துல நொடிச்சுப் போயிருக்கும்."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். இன்னும் சிவப்பு போகவில்லை.

பணம் பத்திரம். ஆனால் வேலை முடியவில்லை. அக்கா எழுதி வைத்திருக்கிற புதுப் பன்னிரண்டு சரியாக இருக்கிறதா என்று யாரும் இன்னும் சோதிக்கவில்லை. ஒரு வார்த்தை தப்பாக எழுதியிருந்தாலும், அந்தப் போன் போனால் பணமும் போச்சு. அதனால் அடுத்த முயற்சி இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு போனைத் துடைத்து வைத்து, அக்கா தன் காகிதத்தைப் பார்த்து வார்த்தைகளை அடித்து, வாலட்டை மறுபடி உயிர்ப்பிக்கப் போகிறாள். அதே தொகை அங்கேயும் தெரிந்தால் பாஸ். தெரிந்ததும் அந்தப் போனை மறுபடி துடைத்துவிட வேண்டும். அதற்கு அடுத்த நாள் கம்ப்யூட்டருக்கு ஆர்டர்.

அந்தப் போனைத் தயார் செய்து கொடுப்பது வரைக்கும் என் வேலை. அதற்குப் பிறகு நான் வீட்டிலேயே இருக்கக் கூடாதாம். வாசல்படிகூடக் கிடையாது, குறைந்தது உப்பளம் வரைக்கும் போய்விட வேண்டும் என்று அக்காவின் உத்தரவு. முடிந்ததும் மெசேஜ் அனுப்புவாளா என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை ஆறே முக்கால் பஸ்ல நான் ஏறுறப்ப என் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்க," என்றாள்.